மார்பளவுத் தண்ணீர்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது மூன்று. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் நன்றாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் வராது. ஆனால் திருச்சியில் நோயாளிகளைப் பிடித்துக்கொண்டு என் அளவுக்குத் தண்ணீரில் நின்ற பெண்பிள்ளை இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள். பெருமைக்குச் சொல்கிறாயா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பிசியோதெரபி படித்தவர்கள். பழைய சிமெண்டுத் தொட்டியை இடித்துவிட்டு டைல்ஸ் பதித்துப் பெரிதாகக் கட்டுகிறார்களாம். திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்களாம். “தண்ணியில உடற்பயிற்சி பண்றதால என்ன நன்மைன்னு உங்க அனுபவத்துல சொல்லுங்கம்மா” என்றார்கள். நன்மையை மட்டும் சொல்வதென்றால் அரைப் பக்கம் போதும். அந்த நன்மையை நம்பியே நான் ஒரு தடவை ஒருத்தியின் காலைக் கெடுத்திருக்கிறேன். அதையும் போடுவதென்றால் சொல்கிறேன் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சரி என்றார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஆயாவாகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் பெண்கள் வார்டில் பெட்பேன் எடுத்தேன், துணி அலசினேன். அப்போதுதான் ஜெசிந்தா மிஸ் வந்தார். வெளியூரில் பிசியோதெரபி படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் பூசை பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வருவார். சின்னக் கடிகாரம் ஒன்றைத் தலைகீழாக மார்பில் குத்தியிருப்பார். குரலை உயர்த்த மாட்டார். ஆயாக்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார், ஆனால் அந்த ‘வாங்க’வுக்கே கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவோம்.

வந்த வாரமே எங்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து, “யாருக்கு நீச்சல் தெரியும்?” என்று கேட்டார். நான் உறையூர்க்காரி, உய்யக்கொண்டான் வாய்க்காலில் குதித்து வளர்ந்தவள். கையைத் தூக்கினேன். அப்படித்தான் இந்த வேலை எனக்கு வந்தது. என் வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். “நான் இரும்போட மல்லுக்கட்டி வேர்த்து விறுவிறுத்து வரேன். இவ குளிச்சிட்டு சம்பளம் வாங்கறா” என்று சாகிறவரைக்கும் கேலி செய்தார்.

சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த அறையில்தான் தொட்டி. நாலு பேர் தாராளமாக நடக்கலாம். ஒரு ஓரத்தில் படி, அங்கிருந்து தரை சரிந்து ஆழமாகிக்கொண்டே போகும், சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் குழாய். சலவைக்கூடத்துப் பாய்லரிலிருந்து வெந்நீர் வரும். திங்கட்கிழமை விடியலில் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். தெர்மாமீட்டரில் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே மிஸ் எனக்காகச் சிவப்பு நூல் கட்டியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, முழங்கையையும் விட்டுப் பார்ப்பேன். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதை மிஸ் எனக்குப் பாடமாகச் சொல்லவில்லை. ஒரு நாள் என்னையே இறக்கி, “கழுத்து வரைக்கும் நில்லுங்க. இப்ப உங்க கால்ல எவ்வளவு பாரம்?” என்றார். பஞ்சு மாதிரி இருக்குதுங்க என்றேன். மார்பளவுக்கு வந்து நிற்கச் சொன்னார். கொஞ்சம் தெரிந்தது. இடுப்பளவில் பாதி உடம்பு திரும்பி வந்துவிட்டது. “அவ்வளவுதான். மருந்தைச் சொட்டுச் சொட்டா ஏத்தற மாதிரி, நாம உடம்போட பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறோம். தண்ணியோட ஆழம்தான் நம்ம மருந்தளவு” என்றார்.

இதைவிட நன்றாக இன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. தரையில் ஒரு அடி வைக்க முடியாதவள் தண்ணீரில் பத்து அடி வைப்பாள். வெதுவெதுப்பில் இறுகிய சதை இளகும், வலி மட்டுப்படும். விழுந்தாலும் அடிபடாது என்று தெரிவதால் பயம் போகும். பாதி நோய் அந்தப் பயம்தான். சும்மா மிதப்பது போலத் தெரியும், ஆனால் காலை எந்தப் பக்கம் தள்ளினாலும் தண்ணீர் எதிர்த்துத் தள்ளுகிறது. வேகமாகத் தள்ளினால் அதுவும் பலமாகத் தள்ளும். அதில் சதை உரம் ஏறும். மூட்டுவாதம், பக்கவாதம், எலும்பு முறிந்து கூடியவர்கள் எல்லாரும் வருவார்கள். புண் இருந்தாலோ, காய்ச்சல், வலிப்பு, நெஞ்சுக் கோளாறு இருந்தாலோ மிஸ் இறக்க மாட்டார். இன்னொன்று. வெளியே ஏறுகிற மூன்று படியில்தான் ஆபத்து. அதுவரை தண்ணீர் சுமந்த உடம்பு அங்கே மொத்தமாகக் கனக்கும், தலை சுற்றும். அங்கே அவசரப்படக் கூடாது.

பெண்களை இறக்குவதில் ஒரு தொல்லை இருந்தது. நம் பெண்கள் நீச்சல் உடுப்பெல்லாம் போடுவார்களா? ஆற்றில் குளிப்பது போல உள்பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வருவார்கள். முதலில் வந்தது பொன்மலை ஃபிட்டர் ஒருவரின் சம்சாரம், புஷ்பம் அக்கா. நல்ல கனத்த உடம்பு, இரண்டு முட்டியும் வீங்கியிருக்கும். மூன்றாம் படி இறங்கியதுமே பாவாடைக்குள் காற்று அடைத்து, கூடாரம் மாதிரி எழும்பிவிட்டது. கால் தரையில் பாவவில்லை. “அய்யய்யோ, என்னைத் தூக்குதுடி! என்னை எங்கயோ தூக்கிட்டுப் போவுது!” என்று மல்லாந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்து, தண்ணீர் குடித்து, இருமி, அன்றைக்கு நடையே நடக்கவில்லை.

நான் யோசித்தேன். கொள்ளிடக்கரையில் வீச்சு வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு கேட்டு வாங்கி வந்து, பாவாடைக் கரையை மடித்து உள்ளே வைத்துத் தைத்தேன். இறங்கும் முன்பே சொம்புத் தண்ணீரால் முழுக்க நனைக்கவும் செய்தேன். பிறகு பாவாடை ஊதவில்லை. மிஸ் கரையைத் தடவிப் பார்த்தார்.

“யார் யோசனை?”

“என் யோசனைதாங்க மிஸ்.”

“ம். இன்னும் பன்னிரண்டு தைங்க.”

அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. எனக்கு அதுவே தலைக்கு ஏறியது. ஏறியதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

எனக்கு அவ்வளவாகப் படிக்கத் தெரியாது என்பதால் மிஸ் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டையில் மனித உருவம் வரைந்து, அந்த வாரம் தண்ணீர் உடம்பில் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு அலைக்கோடு போட்டுத் தருவார். நெட்டைக்கும் குட்டைக்கும் தனித்தனி. கோட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்து, சரிவில் முன்னே பின்னே நகர்த்தி நிறுத்துவேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி மாமி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. உத்திர வீதியில் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தவர். முற்றத்தில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிந்து, ஆபரேஷன் செய்து ஆணி வைத்திருந்தார்கள். எலும்பு கூடி வந்தது, ஆனால் அந்தக் காலை ஊன்ற மாட்டார். இரண்டு அக்குள் கட்டையில் தொங்கிக்கொண்டு வந்தார். பம்பாயில் இருந்த அண்ணன் மகன் கடிதம் எழுதியிருந்தான். தையில் வருகிறேன், அதற்குள் தனியாக நடமாட முடிந்தால் சரி, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்து உங்களை அழைத்துப் போகிறேன் என்று.

“எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டுதான்” என்றார் மாமி. “எங்காத்து நிலைப்படியை நானே தாண்டணும். பெருமாளை நானே போய் சேவிக்கணும். பம்பாயில நாலாவது மாடியாம். அங்க கொண்டு வச்சா நான் யாரைப் போய் சேவிக்கறது, லிஃப்ட்டையா?”

தொட்டியைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார். “எல்லாரும் எறங்கின ஜலம். இதுல நான் எப்படிடிம்மா எறங்குவேன்?”

மிஸ் வாதாடவில்லை. “திங்கட்கிழமை காலைல புதுத் தண்ணி. முதல் ஆளா வாங்க” என்றார். மாமி வந்தார். கச்சம் வைத்துக் கட்டிய பழைய புடவையோடுதான் இறங்கினார். காற்றுப் புக வழியே இல்லாத கட்டு, ஈயமும் வேண்டியதில்லை. மார்பளவுத் தண்ணீரில் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைத் தரையில் வைத்தார். வலிக்கவில்லை. முகமே மாறிவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை வரவில்லை, புதனும் வரவில்லை. திங்கள் மட்டும்தான். வாரத்துக்கு ஒரு நாள் போதுமா? போதாது.

ஐப்பசி பிறக்கப்போகும் சமயம் மாமியே என்னிடம் கேட்டார். “துலா மாசம் முழுக்க ஊரே காவேரியில தீர்த்தமாடும். ஓடற ஜலத்துக்குத் தீட்டு இல்லை. அங்க வச்சு எனக்குப் பண்ணி விடேன்டி. ஒருத்தரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா.”

மிஸ்ஸிடம் கேட்டேன். “வேண்டாம். குளிர்ந்த தண்ணி, இழுப்பு, பாசி. அளவு நம்ம கையில இல்ல” என்றார். அதோடு சரி. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மனசுக்குள், இவருக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும், நான் வாய்க்காலில் வளர்ந்தவள் என்று நினைத்தேன்.

ஐப்பசி பிறந்த அன்றே முதல் டவுன் பஸ்ஸில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விட்டேன். மாமி ரிக்‌ஷாவில் வந்தார். ஒரு கையில் கட்டை, மறு கை என் தோளில், ஒவ்வொரு படியாக இறங்கினோம். சுற்றிலும் முழுக்குப் போடுகிறவர்கள், சங்கல்பம் சொல்கிறவர்கள். நாங்கள் இரண்டு பேர் ஓரமாக, இழுப்பில்லாத இடத்தில் நின்றோம். ஐந்தாம் படியில் மாமிக்குத் தண்ணீர் மார்பளவு இருந்தது. அட்டையில் இருந்த கோடும் அதுதான். எனக்கு ஒரே திருப்தி. அட்டையை எடுத்து வருவதையே விட்டுவிட்டேன். ஐந்தாம் படி என்று மனசில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் நன்றாக நடந்தது. முதலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடை. பிறகு முன்னும் பின்னும். பிறகு அந்தக் காலில் மட்டும் நின்று மற்றக் காலைத் தூக்கிப் பத்து எண்ணுவது. “பத்து எண்ணறதுக்குப் பதில் நான் கோவிந்தா சொல்லிக்கறேன்” என்பார் மாமி. சொல்லட்டும், நின்றால் சரி.

பத்தாம் நாள் மேலே அணையில் தண்ணீரை மட்டுப்படுத்தியிருந்தார்கள் போலிருக்கிறது. ஆறு இறங்கியிருந்தது. ஐந்தாம் படியில் நின்றபோது மாமிக்குத் தண்ணீர் இடுப்பில்தான் இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு படி இறங்கியிருக்க வேண்டும். அடிப்படிகள் பாசி, வேலைக்கு நேரமாகிறது, படி அதே ஐந்தாம் படிதானே என்று மனசை ஏய்த்துக்கொண்டேன். “தூக்குங்க மாமி” என்றேன்.

ஆறாவது கோவிந்தாவில் “அம்மா!” என்று என் மேல் சாய்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. அந்தக் காலை மறுபடி வைக்கவே முடியவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார்கள். ஈரப் புடவையோடு நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எக்ஸ்ரேயில் ஆணி நகரவில்லை. ஆனால் டாக்டர், மூன்று வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

மிஸ் என்னைத் தொட்டி அறைக்குக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை.

“தண்ணி எங்க இருந்தது?”

“அஞ்சாம் படிங்க மிஸ்.”

“படியைக் கேக்கல. அவங்க உடம்புல எங்க இருந்தது?”

மிஸ் மாமியின் அட்டையை எடுத்து மேஜையில் வைத்து, பென்சிலைக் கொடுத்தார். “போடுங்க.” அவர் போட்ட கோட்டுக்குக் கீழே, இடுப்பில் நான் ஒரு கோடு போட்டேன். பென்சில் பிடித்துப் பழகாத கையில் அது நிஜமாகவே அலை மாதிரி வந்தது. “கீழ கையெழுத்துப் போடுங்க.” போட்டேன். அதன் பக்கத்தில் அவரும் தன் கையெழுத்தைப் போட்டு, டாக்டரிடம் எடுத்துப் போனார். மூன்று வாரம் நான் தொட்டியில் இறங்கக் கூடாது என்று உத்தரவு. துண்டு பிழிந்தேன், தரை துடைத்தேன். ஈயம் வைத்த பாவாடைகளை வேறொருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

அது போகட்டும். மாமி இனி வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். “காவேரியும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். பம்பாய்க்கே போறேன்” என்று. மூன்று வாரம் முடிந்த அன்று வேலை விட்டதும் நேரே உத்திர வீதிக்குப் போனேன். வாசலை ஒட்டிய ரேழியில் நின்றேன். மாமி உள்ளே நாற்காலியில் இருந்தார்.

“உன்னை நான் கோவிச்சுக்கலை. நான்தானே கூப்பிட்டேன்” என்றார்.

“என் தப்புங்க மாமி. தண்ணி கொறஞ்சிருந்ததைப் பார்த்தும் உங்களை அங்கயே நிக்க வச்சேன். உங்க கால் மேல தப்பில்ல. தொட்டிக்கு வாங்க, தெனமும் வாங்க. தைக்குள்ள நடந்துடலாம்.”

“தெனமுமா? அந்த ஜலத்துலயா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒன்பது நாள் காவேரியில என் தோளைப் புடிச்சிட்டுத்தான் நின்னீங்க. அந்தத் தொட்டியில தெனம் எறங்கறவளும் நான்தான். என் தோள்ல ஒட்டாதது தொட்டித் தண்ணியில மட்டும் வந்து ஒட்டிக்குமா?”

சொன்ன பிறகு, இனி வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாமி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பக்கத்துப் போர்ஷனில் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

“நன்னாக் கேக்கறடி நீ” என்றார். பிறகு, “நாளைக்கு என்ன கிழமை?”

“வியாழங்க.”

“வரேன்.”

வியாழக்கிழமைத் தண்ணீர் மூன்று நாள் பழசு. மாமி படியில் நின்று கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டு இறங்கினார். அன்று முதல் ஞாயிறு தவிர எல்லா நாளும் வந்தார். மறுபடியும் கழுத்தளவிலிருந்து ஆரம்பித்தோம். பத்து நாள் கழுத்து, பிறகு தோள், பிறகு மார்பு. ஒவ்வொரு காலையும் அட்டையைப் பார்த்து, மாமியைப் பார்த்து, என் விரலைத் தண்ணீர் நிற்கிற இடத்தில் அவர் உடம்பில் வைத்துப் பார்த்த பிறகுதான் “நடங்க” என்பேன். மார்கழியில் இடுப்பளவு வந்தது. அந்த முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் இடுப்பில் வைத்த விரலை எடுக்காமல் நின்றேன். மாமி பத்து கோவிந்தாவும் சொல்லி முடித்து, “என்னடி, மூச்சு விடு” என்றார். புஷ்பம் அக்கா பக்கத்தில் நடந்துகொண்டே, “மாமி, எனக்கும் ரெண்டு கோவிந்தா சேர்த்து சொல்லுங்க, என் முட்டிக்கு மாதா மட்டும் பத்தல” என்பார். மாமி சிரிப்பார்.

தை பாதியில் அண்ணன் மகன் வந்தார். பேண்ட் சட்டை, நல்ல மரியாதையான மனிதர். அன்றைக்கு மாமி ஒரு கைத்தடி மட்டும் வைத்துக்கொண்டு அறையை நாலு சுற்று நடந்து காட்டினார். அவர் திருப்தி அடையவில்லை.

“தடி இருக்கே. நாளைக்கு விழுந்தா யார் பாக்கறது? நடுவுல ஒரு தடவை மோசமாச்சுன்னும் கேள்விப்பட்டேன்.”

மிஸ் வாய் திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். “அது என்னாலங்க சார். அவங்க காலால இல்ல.”

“நீங்க யாரு?”

“ஆயாங்க.”

“தப்பும் நீங்களே பண்ணிட்டு, சரியாயிடுத்துன்னும் நீங்களே சொன்னா நான் எப்படி நம்பறது?”

நியாயமான கேள்விதான். “அன்னிக்கு நான் தண்ணி கொறஞ்சது தெரிஞ்சும் படியை நம்பினேன் சார். அவங்களைப் பார்க்கல. அதுக்கப்புறம் ரெண்டு மாசமா அவங்களைத் தவிர வேற ஒண்ணையும் பார்க்கல. அதனால சொல்றேன், தனியா இருப்பாங்க” என்றேன்.

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். “அவங்க சொல்றதுதான் என் ரிப்போர்ட்டும்” என்றார் மிஸ். “வெளியில வாங்க.”

தொட்டி அறைக்கு வெளியே வராண்டா. அதற்கு ஆறு கருங்கல் படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மாமி தடியை ஊன்றிக் கீழே இறங்கினார், திரும்பினார், ஏறத் தொடங்கினார். மூன்றாவது படியில் கொஞ்சம் நின்றார். அண்ணன் மகன் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தார்.

“கையை எடுங்க சார்” என்றார் மிஸ், அதே குரலில்.

எடுத்தார். மாமி அந்தக் காலின் மேல் முழு உடம்பையும் வைத்து அடுத்த படி ஏறினார். ஆறும் ஏறி மேலே வந்து, மூச்சு வாங்க, “டேய், ரெண்டு டிக்கெட்டா எடுத்திருக்க? ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடு” என்றார்.

அவர் தனியாகத்தான் பம்பாய் போனார். மாமி உத்திர வீதியிலேயே இன்னும் பதினோரு வருஷம் இருந்தார், அதே தடியோடு. வாரம் இரண்டு தடவை டவுன் பஸ் ஏறித் தொட்டிக்கு வருவார். எந்தக் கிழமை என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கடைசி வரை அவர் கால் அவரைச் சுமந்தது.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தண்ணீர் நல்லது. ஆனால் சுவரில் எத்தனை கோடு போட்டாலும், மெஷினில் எந்த எண் காட்டினாலும், தண்ணீர் அந்த ஆளின் உடம்பில் எங்கே நிற்கிறது என்று குனிந்து பாருங்கள்.

என் பேத்தி தீபா இதை எழுதுகிறாள். எழுதும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, “பாட்டி, மலர்ல வரப்போகுது, ஆத்துத் தண்ணி திடீர்னு கொறஞ்சிடுச்சுன்னு போட்டா போதாதா?” என்று கேட்டாள். போதாது. திடீரென்று குறையவில்லை. நான் இறங்கும்போதே பார்த்தேன்.

தீபா, எங்கே, முதலிலிருந்து படி. பத்தாம் நாள் வரும்போது மெதுவாகப் படி.